கழுவாத கெளுத்தி

குணசுந்தரி கழுவிக் கொடுத்த மீனில் குறை சொல்ல காசிமேட்டில் இன்னும் ஒரு ஆள் பிறக்கவில்லை. செதில் இருக்காது, செவுள் இருக்காது, கெளுத்தியாக இருந்தால் தோலில் அந்தக் கொழகொழப்பு மருந்துக்குக்கூட இருக்காது. கல்லுப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டு, தலையிலிருந்து வால்வரை மூன்று தேய்ப்பு. அப்புறம் மீனைத் தூக்கிப் பிடித்தால் வழுக்காமல் கையில் நிற்கும். இருபத்திரண்டு வருஷமாகத் துறைமுகத்து வாசலில் அருவாமனை போட்டு உட்கார்ந்திருப்பவள் வேறு எப்படி இருப்பாள்? அந்தச் சுத்தம்தான் நாலு மாதம் ஒரு ஆராய்ச்சியையே கவிழ்த்துப் போட்டது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

ஷைனி அவளிடம் முதலில் வந்தது தை மாதத்தில். காலடிப்பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் திசையன்விளைக்காரர் ஜெபசிங்கின் மகள். பெரம்பூர் பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. கண்ணாடியும் முதுகுப்பையுமாக, மீன் தண்ணீரில் கால் வைக்கத் தயங்கி நின்றவளை குணசுந்தரிதான் கூப்பிட்டு உட்கார வைத்தாள். வஞ்சிரம் வேண்டாமாம், வவ்வால் வேண்டாமாம். எண்ணூர் முகத்துவாரத்துக் கெளுத்திதான் வேண்டுமாம். வாரம் பத்து, வெட்டாமல், முழுசாக. எதற்கென்று கேட்டால், எந்த ஊசிக்கும் மாத்திரைக்கும் அடங்காத கிருமிகளுக்கு மீன் உடம்பில் ஒரு சரக்கு இருக்கிறது, அதைத் தேடுகிறோம் என்றாள். மீன் எண்ணெய் மாத்திரை மாதிரி ஏதோ ஒன்று என்று குணசுந்தரி நினைத்துக்கொண்டாள். கிளம்பும்போது அந்தப் பெண் ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"அக்கா, ரொம்பச் சுத்தமா இருக்கணும். அது மட்டும் பாத்துக்கிடுங்க."

யாரிடம் வந்து எதைச் சொல்கிறாள் பாருங்கள். ஷைனி சொன்ன சுத்தம், வேறு மீனோடு கலக்காமல், கண்ட தண்ணீரும் படாமல், ஆற்றில் இருந்தது இருந்தபடி. குணசுந்தரியின் அகராதியில் சுத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். அதிலும் இது படித்த பெண் கைக்குப் போகிற மீன். ஆகவே மூன்று தேய்ப்புக்குப் பதில் ஆறு தேய்ப்பு, கடைசியில் புளித்தண்ணீரில் ஓர் அலசல். முகத்துவாரக்குப்பத்திலிருந்து அவள் தம்பி விடிகாலையில் கெளுத்தியைக் கொண்டுவந்து கொடுப்பான். ஒன்பது மணிக்கு ஷைனி வந்து நிற்கும்போது பத்து மீனும் பளபளவென்று பையில் கட்டித் தயாராக இருக்கும். அந்தப் பெண் கிருமி படித்தவள், மீன் படித்தவள் அல்ல. அவள் வீட்டுக்குள் மீன் வருவதே மஞ்சள் பூசித் துண்டு போட்ட பிறகுதான். தோலில் மிச்சமிருந்த ஈரத்தைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்து, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நாலு மாதமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அதே நாலு மாதத்தில் குணசுந்தரியின் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அவள் புருஷன் மனோகரன் விசைப்படகில் வலை இழுப்பவன். மாசி மாதம் நடுக்கடலில் வலை சுருட்டும் வின்ச்சுக் கம்பி தெறித்து இடது பாதத்தைக் கிழித்தது. சர்க்கரை உடம்பு வேறு. கட்டுப் போட்டார்கள், ஊசி போட்டார்கள், அழுகினதைச் சுரண்டி எடுத்தார்கள். பத்து நாள் ஆறுகிற மாதிரி இருக்கும், பதினோராம் நாள் மறுபடி சீழ். 'மருந்துக்குக் கேக்கல' என்று அக்கம்பக்கத்தில் சொல்லத் தொடங்கினார்கள். சித்திரையில் அரசு ஆஸ்பத்திரியில் படுக்கையே போட்டாயிற்று.

வைகாசியில் ஒருநாள் டாக்டர் நர்மதா அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் காட்டினார். பதினாலு மருந்துகளின் பெயர். பதிமூன்றுக்கு நேரே ஒரே ஆங்கில எழுத்து, ஆர். ஆர் என்றால் என்ன என்று கேட்டாள். கிருமி அந்த மருந்தை மதிக்காது என்று அர்த்தம் என்றார் டாக்டர். மிச்சம் ஒரே ஒரு ஊசி. அதுவும் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக் கூடியது, பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். பத்து நாள் பார்க்கலாம், அடங்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான், இல்லாவிட்டால் ஆளே மிஞ்ச மாட்டார்.

ஆடுகிற படகில் நிற்க இரண்டு காலே போதாது என்பது குணசுந்தரிக்குத் தெரியாதா? கடலுக்குப் போகாத மனோகரனை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்தக் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, மறுநாளும் வழக்கம்போல அருவாமனை முன்னால் வந்து உட்கார்ந்தாள். உட்காராமல் என்ன செய்வது?

அன்று திங்கட்கிழமை. ஒன்பது மணிக்கு வர வேண்டிய ஷைனி ஆறரைக்கே வந்துவிட்டாள். மாதக் கடைசிக்குள் எதுவும் கிடைக்காவிட்டால் இந்த ஆராய்ச்சியை மூடிவிடு என்று மேலே சொல்லிவிட்டார்களாம். மீன்பிடித் தடைக்காலம் ஆனதால் விசைப்படகுகளெல்லாம் கட்டிக் கிடந்தன, கூட்டமும் குறைவு. குணசுந்தரி ஒரு கெளுத்தியைக் கல்லின்மேல் கிடத்தி, சாம்பலை அள்ளிப்போட்டு, முந்தின நாள் கோபத்தையெல்லாம் சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஷைனி அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா செய்றீங்க?"

"ஒனக்குத்தான் பாப்பா. கயுவாம எப்டி குடுப்பேன்? இந்தக் கலீஜோட ஒன்னான்ட நீட்டினா நீ இன்னா நெனைப்ப?"

ஷைனி ஈரத்தரை என்றுகூடப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அந்தக் கலீஜுதான்க்கா எனக்கு வேணும்."

குணசுந்தரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஷைனி ஒரு கேள்வி கேட்டாள். எண்ணூர் ஆற்றில் நாம் காலை வைத்தால் என்ன ஆகும்? என்ன ஆகும், அரிக்கும், கீறல் இருந்தால் புண்ணாகும், அது யாருக்குத் தெரியாது. அனல்மின் நிலையத்துச் சாம்பல், சுடுதண்ணீர், எண்ணெய், சாக்கடை, எல்லாம் சேர்கிற இடம். அதே தண்ணீரில் கெளுத்தி பிறந்ததிலிருந்து துணியில்லாமல், செதில்கூட இல்லாமல் கிடக்கிறதே, அதற்கு ஏன் புண் வருவதில்லை?

இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு கேள்வி குணசுந்தரிக்குத் தோன்றியதே இல்லை. எத்தனை கெளுத்தியில் பழைய தழும்பைப் பார்த்திருக்கிறாள். வலை அறுத்தது, வேறு மீன் கடித்தது, படகு மோதியது. எல்லாமே ஆறிப்போன தழும்புகள். சீழ் பிடித்த கெளுத்தி ஒன்றைக்கூட அவள் கை தொட்டதாக ஞாபகம் இல்லை. அந்தக் கொழகொழப்பில்தான் விஷயம் இருக்கிறது என்றாள் ஷைனி. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு புரதத் துண்டுகள். கிருமி பக்கத்தில் வந்தால் அதன் தோலில் ஓட்டை போட்டுவிடும், உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகிக் கிருமி செத்துப்போகும். மனுஷன் மருந்து கண்டுபிடிக்கிறதுக்கு எத்தனையோ கோடி வருஷம் முன்னாலேயே மீன் இதைச் செய்துகொண்டிருக்கிறதாம்.

குணசுந்தரி தன் கையைப் பார்த்தாள். சாம்பலும் வழும்புமாக இருந்தது. அவளுக்குச் சிலிர்த்துவிட்டது. அதோடு வேறொன்றும் நினைவுக்கு வந்து, ரவிக்கைக்குள்ளிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஷைனி அதைப் படித்தாள். படித்து முடித்தும் தலையைத் தூக்கவில்லை. தான் தேடிக்கொண்டிருக்கும் மருந்து எந்தக் கிருமிக்கோ, அதே கிருமியின் பெயர்தான் அதில் இருந்தது.

பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. ஷைனி ஆஸ்பத்திரிக்குப் போய் நர்மதாவைப் பார்த்தாள். மனோகரன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டான். அவன் புண்ணிலிருந்து வளர்த்த கிருமி பத்திரமாக ஆராய்ச்சிக்கூடம் போய்ச் சேர்ந்தது. குணசுந்தரியின் தம்பி பிடித்த கெளுத்தியை இந்தமுறை யாரும் தேய்க்கவில்லை. ஷைனியே ஆற்றங்கரைக்கு வந்து, உயிர் மீனின் முதுகிலிருந்து வழும்பை வழித்து எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போன் வந்தது. குணசுந்தரி குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு, பெரம்பூருக்கு பஸ் ஏறினாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள், யாரும் கழற்றச் சொல்லவில்லை. ஷைனி கையுறை மாட்டிக்கொண்டு மூடிய வட்டத் தட்டு ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். தட்டு முழுக்க வெளுப்பாக, ஆறின கஞ்சியில் படிகிற ஆடை மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. அதுதான் உங்கள் வீட்டுக்காரர் காலில் இருப்பது என்றாள்.

இத்தனை நாள் தன் புருஷனைப் போட்டு உருட்டுவது யார் என்று அவள் அன்றுதான் கண்ணால் பார்த்தாள். தட்டில் ஆறு காகிதப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. ஐந்து பொட்டில் ஆஸ்பத்திரி மருந்து. அந்த ஐந்தையும் ஆடை கொஞ்சமும் மதிக்காமல் ஓரம்வரை மேய்ந்திருந்தது. ஆறாவது பொட்டைச் சுற்றி மட்டும் ஒன்றுமே இல்லை. கட்டைவிரல் நகம் அகலத்துக்கு வெறும் கண்ணாடி, பளிச்சென்று, வட்டமாக. அங்கே ஒரு கிருமிகூட வரவில்லை.

"இது இன்னா மருந்து பாப்பா?" என்று ரகசியம் பேசுவதுபோலக் கேட்டாள்.

"கெளுத்திக்கா. உங்க கெளுத்தி."

குணசுந்தரியின் கை தானாகக் கும்பிட்டது. யாரைக் கும்பிட்டாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தினமும் கல்லில் தேய்த்துச் சாக்கடையில் ஊற்றியதை, அருவருத்துக் கையை உதறியதை, இப்போது கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கிறாள். பதிமூன்று மருந்துக்குப் பணியாதவனை வாலாட்டாமல் நிறுத்தியிருக்கிறது அந்தத் துளி. தட்டை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னாள், அந்தப் பக்கம் திருப்பச் சொன்னாள். கண்ணை எடுக்க மனமே வரவில்லை. நெஞ்சு நிறைந்து, அந்த நிறைவிலேயே கேட்டாள்.

"எப்போ போடுவீங்க அவருக்கு?"

ஷைனி தட்டைக் கீழே வைத்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம் அவளுக்கு. அந்தத் துளிக்குள் நூறு பொருள் இருக்கிறது, கொல்வது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கிருமியின் தோலைக் கிழிப்பது மனுஷ ரத்தத்தையும் கிழிக்குமா என்று பார்க்க வேண்டும். எலிக்குக் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் மனுஷன். எல்லாம் நல்லபடியாக நடந்தால் பத்து வருஷம், நடக்காமலும் போகலாம். கடைசி ஊசியும் கேட்கவில்லை என்பதும், வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நர்மதா நாள் குறித்துவிட்டதும் இரண்டு பேருக்குமே தெரியும்.

குணசுந்தரி, ஒரு வாரமாகத் தூங்கவிடாமல் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டாள். "நான் கயுவாம குடுத்திருந்தா? நாலு மாசம் முன்னாடியே ஒனக்குக் கெடச்சிருக்கும் இல்ல?"

"அப்பவும் பத்து வருஷம்தான்க்கா."

அந்த ஒரு வார்த்தை அவள் பாவத்தையும் இறக்கி வைத்தது, ஆசையையும் அறுத்துப் போட்டது. அந்த வழும்பைப் பச்சையாகப் பூசிவிடாதீர்கள், அதில் ஆற்றுக் கிருமியும் சேர்ந்திருக்கும் என்று ஷைனி படித்துப் படித்துச் சொன்னாள். குணசுந்தரி தலையாட்டினாள். தலையாட்ட என்ன வந்தது?

புதன்கிழமை விடிந்ததும் தம்பி கொண்டுவந்த கெளுத்தியின் முதுகை விரலால் வழித்து, வெந்நீரில் அலசிய சின்ன எவர்சில்வர் டப்பாவில் நிரப்பிக்கொண்டாள். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வார்டில் மனோகரன் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரவெல்லாம் காய்ச்சலில் கிடந்த மனுஷனுக்கு முகம் சுருங்கிப் போயிருந்தது. ஆனால் மூக்கு வேலை செய்தது.

"இன்னாமே, கெளுத்தி வாசன வருது. இங்கியே கொயம்பு வெக்கப் போறியா?"

அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். தான் தேய்த்தது, ஷைனி தரையில் உட்கார்ந்தது, கஞ்சி ஆடை, ஐந்து பொட்டு, ஆறாவது பொட்டு. சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்தாள். மனோகரன் ஆட்காட்டி விரலை விட்டு எடுத்தான். நூல் நூலாக நீண்டது. ஜன்னல் வெளிச்சத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முப்பது வருசமா இத்த லுங்கில தொடச்சிகினு இருந்தனே," என்றான். அப்புறம், அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டான். பூசக் கூடாது என்று சொன்னாள் என்பதை குணசுந்தரியால் மறைக்க முடியவில்லை.

"அப்போ மூடி வை."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. நாளைக்குப் போகப்போகிற கால், இன்றைக்குப் பூசிப் பார்த்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். மனோகரன் விரலைத் துணியில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு சொன்னான்.

"அந்தப் பொண்ணு நெனச்சா ஒன் மனசு நோவாம எதையாச்சும் சொல்லி அனுப்பிச்சிருக்கலாம். அனுப்பிச்சுதா? பத்து வருசம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிச்சு. அத்த நம்பாம வேற யார நம்பறது?"

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. புயலில் படகு கவிழ்ந்து ஆறு மணி நேரம் மிதந்தவன், கரைக்கு வந்து பீடி கேட்டவன். அவன் பயந்து அழுது அவள் பார்த்ததில்லை. அவளும் அந்த முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டப்பா மூடியே கிடந்தது.

வெகு நேரம் கழித்துத் திரும்பிப் படுத்தவன், எடுத்த காலை என்ன செய்வார்கள் என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. மூலக்கொத்தளத்து மயானத்தில் புதைப்பார்களோ, எரிப்பார்களோ.

"இன்னாத்துக்குப் பொதைக்கணும்? அந்தக் கிருமி நாயி அதுக்குள்ளதான கீறான். அவன்கூடதான அந்தப் பாப்பா சண்டை போடுது? அத்தக் கூப்டு. என் காலை எட்த்துக்கச் சொல்லு."

ஷைனி ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள். மனோகரன் சொன்னதைக் கேட்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எலும்புக்குள் வேர்விட்ட கிருமி, மேலே சீழில் இருப்பதைவிட முரடு. அது கிடைத்தால்தான் உண்மையான சோதனை. ஆனால் அதை வாய்விட்டுக் கேட்க எவளுக்குத் தைரியம் வரும்? நர்மதா தாள்களைத் தயார் செய்தார். எதைக் கொடுக்கிறான் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த வரியைப் படித்துச் சொல்லும்படி மனோகரன் கேட்டான். முழங்காலுக்குக் கீழே இடது கால், அதன் எலும்பும் தசையும், ஆராய்ச்சிக்காக என்று நர்மதா படித்தார். அவன் தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினான்.

வியாழக்கிழமை கால் போயிற்று. காய்ச்சல் நாலாம் நாள் இறங்கியது. பதினோராம் நாள் ஷைனி போனில் ஒரு படத்தோடு வந்தாள், தட்டை ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியே கொண்டுவரக் கூடாதாம். மனோகரன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து போனை இரண்டு கையாலும் வாங்கினான்.

"இதுல நான் எங்க கீறேன்?"

வெள்ளையாகப் படர்ந்திருப்பது உங்கள் எலும்பில் இருந்தவன், நடுவில் வெறும் வட்டமாகத் தெரிவது கெளுத்தி என்று ஷைனி சொன்னாள். முன்னைவிடக் கொஞ்சம் சின்ன வட்டம்தான், இவன் முரடன். ஆனாலும் பின்வாங்கியிருக்கிறான். மனோகரன் அந்த வட்டத்தின்மேல் விரலை வைத்து வைத்துப் பார்த்தான். இத்தனூண்டு துளி, இந்தக் கடன்காரனைத் தள்ளி நிற்க வைத்திருக்கிறதே என்று கடைசியில் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

பக்கத்துக் கட்டிலில் கஸ்பார் என்று ஒரு வெல்டர். முந்தின நாள்தான் சேர்த்திருந்தார்கள். இரும்புத் தகடு கிழித்த காலோடு, தலைமாட்டில் அதே மாதிரி ஆர் எழுத்துக் காகிதத்தோடு கிடந்தான். மனோகரன் போனை அவன் பக்கம் நீட்டி எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னான். கஸ்பார் படத்தைப் பார்த்தான், பிறகு மனோகரனின் போர்வை இடது பக்கம் பாதியில் தட்டையாக இறங்கியிருப்பதைப் பார்த்தான்.

"நமக்கு எப்போ வரும்ணே?"

ஷைனியை முந்திக்கொண்டு மனோகரன் பதில் சொன்னான்.

"பத்து வருசம் ஆவும் நைனா. ஆவட்டும். மொத அடி வெச்சாச்சு. வெச்சது என் காலு."

குணசுந்தரி அங்கேயே, அத்தனை பேர் முன்னால், வாய்விட்டு அழுதாள்.